மாணவர் ஆய்வும் ஆசிரியர் துணையும்: சென்னை மாநிலக் கல்லூரி முதல் மோர்கன் பரிசு வரை

கல்லூரியில் பட்டப்படிப்பு பயிலும் மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் ஒருவரின் துணையோடு அதற்கு விடை தேடி, கிடைத்த முடிவைப் பிறர் சரிபார்க்கும் வகையில் வெளியிடுவது இளநிலை மாணவர் ஆய்வு எனப்படும். ஓவியம், சிற்பம், இசை, நாடகம் போன்ற துறைகளில் இதற்கு இணையானது மாணவரின் சொந்தப் படைப்பு. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய பணிக்கும், அதற்குத் துணைநின்ற ஆசிரியருக்கும் பரிசுகளும் நிதிநல்கைகளும் உள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன் இவை அரிதாகவே இருந்தன. அக்காலத்தில் மாணவரின் ஆய்வு வெளியுலகை எட்டுவது பெரும்பாலும் தற்செயலாகவே நிகழ்ந்தது.

அந்தத் தற்செயல் எவ்வாறு படிப்படியாக ஓர் ஏற்பாடாக மாறியது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. தொடக்க எடுத்துக்காட்டுகள் சென்னையைச் சேர்ந்தவை. ஏற்பாடாக்கும் முயற்சி பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது.

சி. வி. இராமன், 1906

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-ல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். அதே கல்லூரியில் முதுகலை பயின்றார். இன்றைய கணக்கில் அவர் அப்போது பட்டப்படிப்பு மாணவரின் வயதினர்தாம்.

ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது மாணவர்களுக்கான வழக்கமான பயிற்சி. ஒளி மிகச் சாய்வாக முப்பட்டகத்தின் முகத்தில் பட்டுத் திரும்பும்போது தோன்றும் விளிம்புவிளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லை என்பதை இராமன் கவனித்தார். பாடப்புத்தகத்தில் விளக்கப்பட்டிருந்த பட்டைகள் சமச்சீரானவை. பயிற்சியை முடித்துக் குறிப்பேட்டில் கையொப்பம் பெற்றுக்கொண்டு போயிருந்தால் இது அத்துடன் முடிந்திருக்கும். இராமன் அளவீடுகளைத் தொடர்ந்து எடுத்துக் காரணத்தையும் கணக்கிட்டு எழுதினார்.

இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஜோன்ஸ். வகுப்புக்கு வந்தே தீர வேண்டும் என்று அவர் இராமனைக் கட்டாயப்படுத்தவில்லை; ஆய்வகத்தில் விருப்பம்போல் பணியாற்ற விட்டார். கட்டுரையைப் பார்வையிடும்படி இராமன் அவரிடம் கொடுத்ததாகவும், மாதங்கள் சென்றும் கருத்து எதுவும் வராததால் தாமே நேராக இலண்டனுக்கு அனுப்பியதாகவும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கட்டுரை 1906 நவம்பரில் பிலசாபிக்கல் மேகசின் இதழில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இராமனுடையது மட்டுமே. மறு ஆண்டு நீர்மங்களின் பரப்பு இழுவிசை பற்றிய அவருடைய மற்றொரு கட்டுரையும் அதே இதழில் வந்தது.

ஆசிரியர் தந்தது சுதந்திரம். அது சிறியது அன்று. கருவிகளும் நேரமும் தடையின்றிக் கிடைத்தது அதனால்தான். ஆனால் கட்டுரையை வாசித்துக் குறை நிறை சொல்வதும், அடுத்து எங்கே போகலாம் என்று காட்டுவதும் ஒரு வழிகாட்டியின் பணி. அது இராமனுக்குக் கிடைக்கவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவருடைய உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். உள்நாட்டில் ஆய்வுக்கென்று சம்பளம் தரும் பணி ஏறக்குறைய இல்லை. எனவே அவர் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். அங்கே பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றதும், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கு ஆய்வு செய்ததும் பலரும் அறிந்த செய்தி. முழுநேர ஆய்வாளராக அவர் ஆனது 1917-ல், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றபோதுதான். பதினெட்டு வயதில் பன்னாட்டு இதழில் கட்டுரை வெளியிட்ட ஒருவர் அதற்காகப் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இராமானுஜனும் எழுபத்தைந்து ரூபாயும்

இராமனுக்கு ஓராண்டு மூத்தவர் சீனிவாச இராமானுஜன். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை பறிபோயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தேர்வு முறையின் கண்களுக்கு அவர் தோல்வியுற்ற மாணவர்.

அவரை அறிந்துகொண்டது வேறொரு வட்டம். 1907-ல் வி. இராமசுவாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகம் ஓர் இதழை நடத்திவந்தது. அதில் 1911-ல் பெர்னோலி எண்கள் பற்றிய இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு மேலாளராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவரே.

1913 சனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஆய்வுக்கான வசதி செய்துதர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது என்பது அன்றைய விதி. பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஆய்வை வளர்ப்பதும் ஒன்று என்ற வாதம் முன்வைக்கப்பட்டு, விதி தளர்த்தப்பட்டது. 1913 மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் வழங்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தருவது மட்டுமே நிபந்தனை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இது முக்கியமான முடிவு. இளநிலைப் பட்டம்கூட இல்லாத ஒருவரின் ஆய்வை, ஆய்வின் தகுதியை மட்டும் வைத்து அப்பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜும் அதையே செய்தது. 1916 மார்ச்சில் இராமானுஜனுக்கு ஆய்வு அடிப்படையில் இளங்கலைப் பட்டம் வழங்கப்பட்டது. பெயரளவில் இளங்கலை என்றாலும் பிற்காலத்து முனைவர் பட்டத்தின் இடத்தில் அன்று இருந்தது அதுதான். அதற்கு அடிப்படையாக இருந்தது உயர் பகுஎண்கள் பற்றிய நீண்ட கட்டுரை. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகுஎண். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உண்டு. 12-க்குக் குறைவான எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது.

இராமானுஜனின் கதையை மேதையின் கதையாகவே பெரும்பாலும் சொல்கிறோம். அதில் கடிதம் எழுதியவர்கள், விதியைத் தளர்த்தியவர்கள், எழுத்தரின் கணக்கை மதித்துப் படித்த மேலாளர் ஆகியோரின் பங்கும் உண்டு. அவர்களில் ஒருவர் இல்லாது போயிருந்தாலும் கதை வேறாகியிருக்கக்கூடும்.

இடைப்பட்ட இருபது ஆண்டுகள்

1906-க்கும் 1928-க்கும் இடையில் இந்தியாவில் சில அமைப்புகள் தோன்றின. 1914-ல் இந்திய அறிவியல் மாநாடு கல்கத்தாவில் முதன்முறையாகக் கூடியது. அதைத் தொடங்க முன்நின்ற இருவரில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் சைமன்சன். மற்றவர் இலக்னோவைச் சேர்ந்த மக்மகோன். ஆண்டுதோறும் வெவ்வேறு நகரில் கூடிய இம்மாநாட்டில் இளைஞர்களும் கட்டுரை படிக்க முடிந்தது. 1926-ல் இராமன் கல்கத்தாவில் இந்திய இயற்பியல் இதழைத் தொடங்கினார். கட்டுரையை இலண்டனுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை சற்று மாறியது.

ஆசிரியர்களிடமும் மாற்றம் தெரிந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை உதவியாளராகப் பணியாற்றினார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று ஒரு கலந்துரையாடலை அவர் நடத்தினார். பிற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் அதற்கு வந்தார்கள். பாடத்திட்டத்தில் இடம்பெறாத, சம்பளக் கணக்கில் சேராத பணி அது. அதே கிருஷ்ணன் பின்னர் கல்கத்தா சென்று இராமனின் ஆய்வுத் துணைவரானார். 1928 பிப்ரவரியில் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அவர் உடனிருந்தார்.

சந்திரசேகர், 1928–1930

சுப்பிரமணியன் சந்திரசேகர் இராமனின் அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயரின் மகன். 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் பிறந்தார். தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு 1925-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய விருப்பம் கணிதம். தந்தையின் விருப்பம் இயற்பியல் படித்து ஐ.சி.எஸ். தேர்வு எழுதுவது. மகன் இயற்பியல் ஆனர்சில் சேர்ந்தார், கணித வகுப்புகளுக்கும் போய் அமர்ந்தார்.

1928 கோடை விடுமுறையைக் கல்கத்தாவில் சித்தப்பாவின் ஆய்வகத்தில் கழித்தார். அங்கு கருவிகளைவிடக் கோட்பாடே தமக்கு ஏற்றது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுக் கட்டமைப்பு பற்றிய அவருடைய நூலைச் சந்திரசேகர் முழுவதும் படித்திருந்தார். சோமர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். நூல் எழுதப்பட்ட பின் இயற்பியல் மாறிவிட்டது என்றும், எலக்ட்ரான்களுக்குப் பழைய புள்ளியியல் பொருந்தாது, ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த புதிய புள்ளியியலே பொருந்தும் என்றும் சோமர்ஃபெல்டு எடுத்துரைத்தார். உலோகங்களின் எலக்ட்ரான் கோட்பாடு பற்றித் தாம் எழுதி, இன்னும் அச்சில் வராத கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் கொடுத்தார்.

பதினெட்டு வயது மாணவரிடம் ஓர் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் வெளிவராத கட்டுரையைக் கொடுத்தது பெரிய நம்பிக்கை. சில மாதங்களில் அதற்குப் பலன் கிடைத்தது. எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது அலைநீளம் மாறுவதே காம்டன் சிதறல். புதிய புள்ளியியலை அதற்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்று சந்திரசேகர் கணக்கிட்டார். காம்டன் விளைவை விண்மீன்களின் உட்பகுதியோடு தொடர்புபடுத்திய கட்டுரை இந்திய இயற்பியல் இதழில் வந்தது. 1929 சனவரியில் அறிவியல் மாநாடு சென்னையிலேயே கூடியது. அவ்வாண்டு தலைவர் இராமன். மாணவர் சந்திரசேகர் அங்கு கட்டுரை படித்தார்.

புதிய புள்ளியியல் பற்றிய மற்றொரு கட்டுரையை இலண்டன் அரச கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியிட விரும்பினார். கழக உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து அனுப்பினால்தான் அங்கு கட்டுரை ஏற்கப்படும். கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் அடர்ந்த பருப்பொருள் பற்றி 1926-ல் எழுதியிருந்ததைச் சந்திரசேகர் நூலகத்தில் படித்திருந்தார். முன்பின் அறியாத அவருக்கே கட்டுரையை அனுப்பினார். ஃபௌலர் படித்து, சில திருத்தங்களைப் பரிந்துரைத்து, கழகத்துக்கு அளித்தார். கட்டுரை 1929-ல் வெளிவந்தது. அப்போது சந்திரசேகர் இன்னும் ஆனர்ஸ் மாணவர்.

1929 அக்டோபரில் ஹைசன்பர்க் சென்னை வந்தபோது அவரை உடனிருந்து கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இயற்பியல் மன்றச் செயலாளராக இருந்த சந்திரசேகருக்கு வந்தது. 1930-ன் தொடக்கத்தில் கல்லூரி முதல்வர் ஃபைசன் அவரை அழைத்து, இங்கிலாந்தில் ஆய்வு செய்ய அரசின் உதவித்தொகை கிடைக்கும் என்று தெரிவித்தார். ஃபைசன் இயற்பியலாளர் அல்லர். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய தாவரவியலாளர். தம் துறை சாராத மாணவரின் தகுதியையும் அறிந்து அவருக்காக முனைந்தவர்.

1930 சூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்பயணத்தில்தான் வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்ற முடிவை அவர் எட்டினார். பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட கணக்கின்படி அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. சந்திரசேகர் எல்லை என்று இன்று பாடநூல்களில் உள்ளது அதுவே. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இராமனும் சந்திரசேகரும் ஒரே குடும்பம், ஒரே கல்லூரி, ஏறக்குறைய ஒரே வயது. திறமையில் குறைவு இருவரிடமும் இல்லை. சித்தப்பாவுக்குப் பத்தாண்டு கிடைக்காத வழி அண்ணன் மகனுக்கு இரண்டே ஆண்டில் கிடைத்தது. விடுமுறையில் பணியாற்ற ஓர் ஆய்வகம், கட்டுரை வெளியிட உள்நாட்டு இதழ், படிக்க ஒரு மாநாடு, திருத்தித்தர ஒரு வாசகர், மேலே அனுப்ப ஒரு முதல்வர் ஆகிய ஐந்தும் இடையில் வந்தவை. அவற்றிலும் பாதி, குடும்பத் தொடர்பாலும் நல்வாய்ப்பாலும் கிடைத்தவை என்பதை மறுக்க முடியாது. கல்கத்தாவில் சித்தப்பா இல்லாத மாணவருக்கு அந்த ஆய்வகக் கதவு அவ்வளவு எளிதில் திறந்திராது.

ஓவியக் கல்லூரியும் சோழமண்டலமும்

படைப்புத் துறையிலும் சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957-ல் தலைமைப் பொறுப்பேற்றார்.

ஓவியம் படித்து வெளியேறும் மாணவர் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்விடுவதைப் பணிக்கர் கண்டார். கல்லூரியில் அவர்கள் கண்ட சொந்தப் பாணி சில ஆண்டுகளில் மறைந்துவிடும். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியத்தைத் தொடரலாம் என்பது அவர் கண்ட வழி. அவ்வாறு சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தது. ஆசிரியரும் மாணவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினார்கள். மாணவரின் படைப்புக்குக் கிடைக்கக்கூடிய பெரிய ஏற்பு, அதைத் தொடர்ந்து செய்ய ஓர் இடம் என்பதை அந்தக் கிராமம் காட்டியது.

அமெரிக்காவில் ஏற்பாடாக மாறியது

தற்செயலை நம்பியிராமல் எல்லா மாணவருக்கும் ஆய்வு வாய்ப்பைத் திறந்துவிடும் முயற்சியில் முன்னோடியானது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். உடனடி ஒளிப்படக் கருவியை உருவாக்கிய போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்ட் 1957-ல் அங்கு ஓர் உரையாற்றினார். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்தே தமக்கென ஓர் ஆய்வுப் பணியைக் கொண்டிருக்க வேண்டும், அதற்கு மூத்தவர் ஒருவர் கைகொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். லேண்ட் தாமே ஹார்வர்டில் பட்டத்தை முடிக்காமல் வெளியேறியவர்.

அக்கருத்துக்கு 1969-ல் செயல்வடிவம் தந்தவர் மார்கரெட் மெக்விகர். அதே கழகத்தில் 1964-ல் இளநிலைப் பட்டமும் 1967-ல் முனைவர் பட்டமும் பெற்ற இளம் இயற்பியலாளர். லேண்டின் நிதியுதவியுடன் இளநிலை ஆய்வு வாய்ப்புத் திட்டம் தொடங்கியது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து யூரோப் என்று அதை அழைப்பர். மாணவர் பேராசிரியரின் ஆய்வில் இளைய கூட்டாளியாகச் சேரலாம், அதற்கு மதிப்பெண்ணோ ஊதியமோ பெறலாம், தன்னார்வமாகவும் செய்யலாம். ஊதியம் உண்டு என்பது முக்கியமான செய்தி. பகுதிநேர வேலை பார்த்தே படிக்க வேண்டிய ஏழை மாணவர், இலவசமாகச் செய்யும் ஆய்வில் சேர முடியாது.

பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் 1979-ல் கோடைகால ஆய்வு நல்கையைத் தொடங்கியது. சிறிய கல்லூரிகளின் வேதியியல் ஆசிரியர்கள் சிலர் 1978-ல் இளநிலை ஆய்வு மன்றத்தை அமைத்தார்கள். 1987-ல் இளநிலை ஆய்வுக்கான தேசிய மாநாடு வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் முதன்முறையாக நடந்தது. அறிவியல் கட்டுரைகளோடு வரலாறு, இலக்கியம், நுண்கலைப் படைப்புகளும் அதில் இடம்பெற்றன. அதே 1987-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தம் கல்லூரிக்கு வெளியே போய்க் கோடையில் ஆய்வு செய்யும் மாணவருக்கு நிதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1998-ல் பாயர் ஆணையம், ஆய்வுவழிக் கற்றலே இளநிலைக் கல்வியின் இயல்பாக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பரிசுகளும் ஒரு சென்னை மாணவரும்

அமெரிக்க இயற்பியல் கழகம் 1978 முதல் இளநிலை மாணவர் ஆய்வுக்கென ஆப்கர் விருதை வழங்குகிறது. பரிசு பெறும் மாணவரின் துறைக்கும் இளநிலை ஆய்வை வளர்க்க ஒரு தொகை தரப்படுவது இதன் சிறப்பு. மாணவரின் வெற்றியில் துறைக்கும் பங்குண்டு என்று ஏற்கும் முறை அது.

கணிதத்தில் இத்தகைய பரிசு பிராங்க், பிரென்னி மோர்கன் பெயரால் 1995-ல் வந்தது. முதல் பரிசைப் பெற்றவர் கண்ணன் சௌந்தரராசன். சென்னையில் வளர்ந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு பயின்றவர். பகுப்பாய்வு எண்கோட்பாட்டில் செய்த பணிக்காக அவருக்கு அப்பரிசு கிடைத்தது.

அக்காலத்தில் அவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியனுடன் சேர்ந்து கிரகாமின் ஊகத்தையும் நிறுவினார். அக்கட்டுரை 1996-ல் வெளிவந்தது. அந்த ஊகத்தைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். வெவ்வேறான சில மிகை முழு எண்களை எடுத்துக்கொள்க. அவற்றில் ஏதேனும் இரண்டை எடுத்து, ஓர் எண்ணை அவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்தால், கிடைக்கும் ஈவுகளில் ஒன்றாவது மொத்த எண்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்கும். 4, 6, 12 என்ற மூன்றை எடுத்தால், 12-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் பார்க்கையில் 12-ஐ 4-ஆல் வகுக்க 3 கிடைக்கிறது. சொல்வதற்கு இவ்வளவு எளிது. எல்லா எண் தொகுதிகளுக்கும் பொருந்தும் என்று நிறுவ 1970 முதல் கால் நூற்றாண்டு ஆயிற்று.

மறு ஆண்டு மோர்கன் பரிசு பெற்றவர் மஞ்சுல் பார்கவா. மின்னசோட்டாவின் துலூத் நகரில் ஜோசப் காலியன் 1977 முதல் நடத்திவந்த கோடைகால ஆய்வு முகாமில் பங்கேற்றவர். 2005-ல் கும்பகோணத்தில் சாஸ்திரா இராமானுஜன் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் பார்கவாவும் சௌந்தரராசனும். இராமானுஜன் உதவித்தொகையை இழந்த அதே ஊர் அது.

வழிகாட்டும் ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறது?

மாணவரோடு பணியாற்ற ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தாமே இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலையை மாணவர் இரண்டு மாதம் செய்வார், தவறுவார், திருத்த வேண்டும். ஆண்டிறுதியில் அவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார், அடுத்த ஆண்டு வேறொருவருடன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த உழைப்பை நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால் ஆசிரியர் நாளடைவில் விலகிவிடுவார்.

மெக்விகர் 1991-ல் மறைந்தார். அவர் பெயரால் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், இளநிலை மாணவருக்குக் கற்பித்து வழிகாட்டுவதில் சிறந்த பேராசிரியர்களுக்குத் தனி மதிப்புப் பதவியை ஏற்படுத்தியது. 1990களின் நடுவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பெயரிலும் அறிவியல், கணிதம், பொறியியல் வழிகாட்டலுக்கு விருது வந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியர்களின் ஆய்வு மதிப்பெண்ணுக்கான அட்டவணை உள்ளது. முனைவர் பட்ட மாணவர் ஒருவரை வழிநடத்திப் பட்டம் பெறச் செய்தால் 10 புள்ளிகள். முதுநிலை ஆய்வேட்டுக்கு 2. இளநிலை மாணவரின் ஆய்வை வழிநடத்துவதற்கு அதில் தனி வரி இல்லை. பட்டப்படிப்பு மட்டுமே உள்ள சிற்றூர்க் கல்லூரியின் ஆசிரியர் எவ்வளவு உழைத்தாலும், அந்த அட்டவணையில் அது தெரியாது.

இந்தியாவில் உள்ள வாய்ப்புகள்

மாணவருக்கான வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைகால ஆய்வு நல்கை வழங்குகின்றன. மாணவர் மட்டுமன்றிக் கல்லூரி ஆசிரியரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டப்பணிகளுக்கு நிதியளிக்கிறது. மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு சட்டகப்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பில் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தக் கடைசி நிபந்தனை சிந்திக்கத் தக்கது. 75 விழுக்காடு என்பது எல்லாப் பாடங்களையும் சேர்த்த கணக்கு. அந்த விதி 1904-ல் இருந்திருந்தால், கும்பகோணம் கல்லூரியின் ஒரு மாணவர் ஆய்வுக்குத் தகுதி பெற்றிருக்கமாட்டார்.

மறுபுறம், பல கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி கட்டாயம் என்றாலும், ஆயத்த அறிக்கைகளை விலைக்குத் தரும் கடைகள் நகரங்களில் பெருகியுள்ளன. கட்டமைக்கப்பட்டு, கருப்பு அட்டையில் பொன்னெழுத்துடன் அலமாரியில் அடுக்கப்படும் அறிக்கையை யாரும் படிப்பதில்லை என்று மாணவருக்குத் தெரியும். படிப்பவர் இல்லாத இடத்தில் எழுதுவதற்கும் மனம் வராது. ஆகவே இதை மாணவரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

மதிப்பீடு

மேலே கண்ட எடுத்துக்காட்டுகளில் மூன்று செய்திகள் பொதுவாக உள்ளன. கேள்வி மாணவருடையதாக இருந்தது. எழுதியதைத் தகுதியுள்ள ஒருவர் பொறுமையாகப் படித்தார். படித்தவர் அதை அடுத்த இடத்துக்கு அனுப்பினார். இராமனுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் கல்லூரியில் கிடைக்கவில்லை. இராமானுஜனுக்கு அவை கல்லூரிக்கு வெளியே கிடைத்தன. சந்திரசேகருக்கு மூன்றும் கிடைத்தன. மெக்விகரின் திட்டமும் அதைப் பின்பற்றியவையும் இம்மூன்றையும் எந்த மாணவரும் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாக ஆக்கின.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஆய்வகம் மட்டுமே. படிப்பதற்கும் அனுப்புவதற்கும் வேண்டியது ஆசிரியரின் நேரமும், அந்த நேரத்தைப் பணியாக ஏற்கும் நிர்வாகமும். சோமர்ஃபெல்டு சந்திரசேகரிடம் கொடுத்தது சில மெய்ப்புத் தாள்கள். ஃபௌலர் செலவழித்தது சில மணி நேரம். கல்லூரிகளில் ஆண்டுதோறும் குவியும் திட்டப்பணிகளில் பத்தில் ஒன்றையாவது ஆசிரியர் ஒருவர் முழுமையாகப் படித்து, நல்லதை ஓர் இதழுக்கோ மாநாட்டுக்கோ அனுப்பிவைத்தால், இன்னொரு மாணவர் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிராது.